கரண்டை மிச்சம் பிடித்தால் கச்சா எண்ணெய் குறையுமா?

கேள்வி இதுதான்: "வீட்டில் பல்பு எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டேன். ஏ.சி. 5 ஸ்டார். மாடியில் 3 கிலோவாட் சோலாரும் போட்டாச்சு. இதனால் நம் நாடு வெளியிலிருந்து வாங்கும் எண்ணெய் கொஞ்சமாவது குறைகிறதா? இல்லை என்றால், எதைச் செய்தால் குறையும்?"

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்த மூன்று வேலைகளாலும் கச்சா எண்ணெய் இறக்குமதி ஏறக்குறைய ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அவை வீண் என்று சொல்லவில்லை. உங்கள் பில் குறைந்தது, எங்கோ ஒரு அனல் மின் நிலையத்தில் நிலக்கரி மிச்சமானது, அந்த அளவுக்குப் புகை குறைந்தது. அதெல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் நீங்கள் கேட்டது எண்ணெயைப் பற்றி. இந்தியாவில் மின்சாரத்துக்கும் எண்ணெய்க்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை. நம் கிரிட்டில், அதாவது நாட்டின் மின்தொகுப்பில், வரும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. மீதி நீர், காற்று, வெயில், அணு, கொஞ்சம் எரிவாயு. டீசலும் ஃபர்னஸ் ஆயிலும் எரித்து எடுக்கிற மின்சாரம் 1 சதவீதம்கூட இல்லை. அதனால் ஃபேனை நிறுத்தினால் நிலக்கரி குறையும், எண்ணெய் குறையாது.

ஆற்றல் தணிக்கை என் தொழில். நூற்பாலை, சாயப்பட்டறை, ஃபவுண்டரி, லாரி ஷெட் என்று போய், எங்கே எவ்வளவு எரிகிறது, எங்கே வீணாகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது வேலை. அங்கேயும் முதலில் வருவது இந்தக் குழப்பம்தான். 'எரிசக்தி' என்ற ஒரே சொல்லுக்குள் மின்சாரம், டீசல், கேஸ், நிலக்கரி எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஒன்றில் சேமித்தால் எல்லாவற்றிலும் சேமித்த மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

இந்த நினைப்பு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டபோது பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் ஏறக்குறைய 12 டாலருக்குப் போனது. அன்றைக்கு மேற்கு நாடுகள் எண்ணெயை எரித்தே மின்சாரமும் எடுத்தன, வீட்டையும் சூடாக்கின. அமெரிக்காவில் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெயிலிருந்து வந்தது. டென்மார்க் தன் எரிசக்தியில் 90 சதவீதம் அளவுக்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அங்கே விளக்கை அணைத்தால், சுவருக்குக் குளிர்தாங்கி அடைப்பு வைத்தால், உண்மையிலேயே எண்ணெய் மிச்சமானது. அப்புறம் டென்மார்க் தன் மின் நிலையங்களை நிலக்கரிக்கு மாற்றி, பிறகு காற்றாலைக்கு வந்தது. பிரான்ஸ் அணு உலைகளைக் கட்டியது. அமெரிக்க மின்சாரத்தில் எண்ணெயின் பங்கு இன்று 1 சதவீதத்துக்கும் கீழே. நிலைமை மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. 'விளக்கை அணை, எண்ணெயைக் காப்பாற்று' என்ற பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது.

இலங்கையில் இந்தப் பேச்சு இன்றைக்கும் செல்லும். மழை பொய்த்து நீர்மின் அணைகள் வற்றினால் அங்கே எண்ணெய் நிலையங்களைத்தான் ஓட்ட வேண்டும். 2022ல் டாலர் இல்லாமல் எண்ணெய் வாங்க முடியாதபோது ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. பெட்ரோலுக்கு க்யூஆர் அட்டை போட்டு வாரக் கணக்கில் அளந்து கொடுத்தார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற தீவுகளில் டீசல் ஜெனரேட்டர்தான் மின்சாரம் தந்துகொண்டிருந்தது. அங்கே காற்றாலையும் சோலாரும் வைக்கிற ஒவ்வொரு கிலோவாட்டும் நேராக டீசலைக் குறைக்கும். அங்கே ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். எண்ணெயைக் குறைக்க வேண்டுமென்றால் எண்ணெய் எங்கே எரிகிறது என்று பார்க்க வேண்டும். 2023-24ல் நாடு செலவழித்த பெட்ரோலியப் பொருட்கள் சுமார் 23.4 கோடி டன். அதில் டீசல் மட்டும் 9 கோடி டன்னை ஒட்டி, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. பெட்ரோல் 3.7 கோடி டன். சமையல் கேஸ் 3 கோடி டன் அளவு. மீதியில் விமான எரிபொருள், பிளாஸ்டிக் தொழிலுக்குப் போகும் நாப்தா, தார், ஆலையில் கடைசியில் மிஞ்சும் கரியான பெட்கோக் எல்லாம் வரும். இவ்வளவுக்கும் நாம் உள்நாட்டில் எடுக்கிற கச்சா எண்ணெய் ஆண்டுக்கு 3 கோடி டன்கூட இல்லை.

2015ல் மத்திய அரசு ஒரு இலக்கு அறிவித்தது. அப்போது எண்ணெய்த் தேவையில் 77 சதவீதம் இறக்குமதி; 2022க்குள் அதைப் பத்துப் புள்ளி குறைத்து 67க்குக் கொண்டுவருவது என்றார்கள். நடந்தது நேரெதிர். 2023-24ல் அது 87 சதவீதத்தையும் தாண்டியது. பழைய கிணறுகள் வற்றி, 2011-12ல் 3.8 கோடி டன்னாக இருந்த உற்பத்தி 3 கோடிக்குக் கீழே இறங்கியது. பயன்பாடோ 2013-14ல் 15.8 கோடி டன்னாக இருந்து 23 கோடியைத் தாண்டியது. மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் பம்பாய் ஹை எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1974ல். அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய எண்ணெய் வயல் நமக்குக் கிடைக்கவில்லை; ராஜஸ்தானின் பார்மரில் கிடைத்ததும் அதைவிடச் சிறியதுதான். காவிரிப் படுகையில் கிடைப்பது நாட்டின் தேவைக்கு முன்னால் மிகச் சிறிய அளவு. அதற்காக நெல் விளையும் பூமியில் புதுக் கிணறு தோண்டுவதா என்று நெடுவாசலில் தொடங்கிய எதிர்ப்பின் முடிவில், 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டமே வந்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தோண்டி இந்தப் பிரச்சினை தீராது.

வேறு நாட்டிடம் வாங்கினால்? 2022க்குப் பிறகு ரஷ்ய எண்ணெய் தள்ளுபடியில் வந்தது; 2 சதவீதத்துக்கும் கீழே இருந்த அதன் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. பணம் மிச்சமானது உண்மை. ஆனால் கடைக்காரரை மாற்றினோமே தவிர, வாங்கும் அளவைக் குறைக்கவில்லை. விசாகப்பட்டினத்திலும் மங்களூரிலும் பாதூரிலும் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் எண்ணெய் சேமிக்க இடம் செய்திருக்கிறார்கள். அது முழுதாக நிரம்பியிருந்தாலும் நாட்டுக்குப் பத்து நாள் தாங்காது.

1991ஐ நினைவிருப்பவர்களுக்கு இது என்ன ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியது. அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை வந்தது. ரிசர்வ் வங்கித் தங்கத்தில் 47 டன்னை லண்டனுக்கு அனுப்பிக் கடன் வாங்கினோம். நெருக்கடிக்கு எண்ணெய் மட்டும் காரணம் இல்லை. கடைசித் தள்ளு எண்ணெய்தான் கொடுத்தது.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது டீசல். டீசல் என்றால் பெரும்பாலும் லாரி.

நாமக்கல்லில் ஒரு லாரி ஷெட்டில் ட்ரிப் ஷீட்டை வாங்கிப் பார்த்தால் நாட்டின் எண்ணெய்க் கணக்கு ஒரே பக்கத்தில் தெரியும். பன்னிரண்டு சக்கர லாரி, முழு லோடு, லிட்டருக்கு 4 கி.மீ. வந்தால் ஓனர் குறை சொல்ல மாட்டார். மாதம் 10,000 கி.மீ. ஓடினால் 2,500 லிட்டர். வண்டி ஓட்டும் செலவில் பாதிக்கு மேல் டீசல்தான். அதில் 5 சதவீதம் குறைத்தால் ஒரு வண்டிக்கு மாதம் 125 லிட்டர். எந்த வீட்டிலும் எந்த பல்பை மாற்றியும் இதைப் பிடிக்க முடியாது.

அந்த 5 சதவீதம் எங்கே கிடைக்கும்? ஷெட்டுக்குள் போனவுடன் நான் முதலில் பார்ப்பது டயர். காத்து சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தால், இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரில் பெரும்பாலும் குறைவாக இருக்கும். வெளிப்பக்க டயர் எதிரே தெரிகிறது, வால்வும் கைக்கு எட்டுகிறது. உள்பக்கத்துக்குக் குனிந்து கையை விட வேண்டும், அதனால் அதை விட்டுவிடுகிறார்கள். காத்து குறைந்த டயர் அமுங்கி அமுங்கி உருளும். அந்த அமுங்கலுக்குப் போவதும் டீசல்தான். அடுத்தது தார்ப்பாய். சரியாக இழுத்துக் கட்டாமல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு போகும் தார்ப்பாய் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. கேபின் மேலே காற்றைத் தள்ளிவிடும் தகடு வைத்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வித்தியாசம் தெரியும். பிறகு, சாப்பிட நிறுத்தும்போதும் எஞ்சினை ஓடவிட்டுப் போவது. இவையெல்லாம் புதுக் கண்டுபிடிப்புகள் இல்லை. 1978ல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் இத்தனை வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

ஏன் நடப்பதில்லை என்றால், டீசலுக்குக் காசு கொடுப்பவரும் வண்டி ஓட்டுபவரும் வேறு வேறு ஆள். மிச்சம் பிடித்த டீசலில் டிரைவருக்குப் பங்கு கொடுக்கும் ஷெட்களில் மைலேஜ் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். பங்கு கிடைக்காத இடத்தில் எவ்வளவு வகுப்பு எடுத்தாலும் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். டிரைவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. குறித்த நேரத்துக்குள் போய்ச் சேரச் சொல்லி விரட்டிவிட்டு, மெதுவாக ஓட்டு என்றும் சொன்னால் அவர் எதைக் கேட்பார்?

ஆனால் லாரிக்காரர் கையில் இருப்பது பாதிதான். மீதி அரசின் கையில். கோவையிலிருந்து கேரளம் போகும் வாளையார் செக்போஸ்ட்டில் முன்பெல்லாம் லாரிகள் கி.மீ. கணக்கில் வரிசை கட்டி நிற்கும். எஞ்சினைப் போட்டு, பத்தடி நகர்த்தி, அணைத்து, மறுபடி போட்டு என்று இரவெல்லாம் டீசல் கரியும். 2017ல் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021ல் ஃபாஸ்டேக் கட்டாயமாகி சுங்கச்சாவடி வரிசையும் சுருங்கியது. ஜி.எஸ்.டி. மேல் ஆயிரம் புகார் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் இந்த இரண்டு மாற்றங்களும் மிச்சம் பிடித்த டீசல் கொஞ்சநஞ்சம் இல்லை. யாரும் அவற்றை எரிசக்தித் திட்டம் என்று கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

வண்டி செய்பவர்கள் பக்கம் மெத்தனம் அதிகம். கார்களுக்கு எரிபொருள் சிக்கன விதி 2017-18ல் நடைமுறைக்கு வந்து 2022-23ல் இறுக்கப்பட்டது. கனரக லாரிகளுக்கான விதியை 2017ல் அறிவித்தார்கள்; அமலுக்குக் கொண்டுவர வருடக்கணக்கில் இழுத்தார்கள். விதியின் வலு என்ன என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1975ல் அங்கே சட்டம் போட்டபோது புதுக் கார்கள் லிட்டருக்கு 6 கி.மீ.கூடக் கொடுக்கவில்லை. பத்தே ஆண்டில் 11 கி.மீ.க்கு மேல் கொண்டுவர வேண்டும் என்று விதி சொன்னது, கம்பெனிகள் கொண்டுவந்தன. விலை உயர்வும் சேர்ந்துகொள்ள, 1978க்கும் 1983க்கும் இடையில் அந்த நாட்டின் எண்ணெய்ப் பயன்பாடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. பிறகு எண்ணெய் மலிவானது, விதியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள், ஜனங்கள் தளர்வான விதியில் வந்த பெரிய வண்டிகளுக்கு மாறினார்கள். 2005 வாக்கில் தேவையில் 60 சதவீதம் இறக்குமதி என்ற நிலைக்குப் போய் நின்றார்கள். இறுக்கிக்கொண்டே போகாத விதி சில வருஷத்தில் செத்த விதியாகிவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ரயில். 1950-51ல் நாட்டின் சரக்கில் 85 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது. இன்று 30 சதவீதத்துக்கும் கீழே. ஒரு டன்னை ஒரு கி.மீ. கொண்டுபோக லாரிக்கு ஆகும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ ரயிலுக்குப் போதும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளுவதற்குத் தடை மிகக் குறைவு. அதோடு அகலப் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. அதாவது லாரியிலிருந்து ரயிலுக்கு மாறும் ஒவ்வொரு டன்னும் எண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கு மாறுகிறது. என்னைக் கேட்டால், எண்ணெய்ச் சார்பைக் குறைக்க இந்தியா செய்த வேலைகளில் உருப்படியானது ரயில்பாதையை மின்மயமாக்கியதுதான். அடுத்தது சரக்குக்கென்றே தனிப்பாதை போட்டது. மேற்குத் தடத்தில் ஹரியானாவின் ரேவாரிக்கும் ராஜஸ்தானின் மதாருக்கும் இடையே 2021 ஜனவரியிலிருந்து கன்டெய்னர் மேல் கன்டெய்னர் அடுக்கிய ரயிலை மின்சார எஞ்சின் இழுக்கிறது. அதற்காக மின்கம்பியையே வழக்கத்தைவிட உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். தெற்கே இன்னும் அப்படி ஒரு பாதை இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் திருப்பூர்ச் சரக்கு பெரும்பாலும் லாரியில்தான் போகிறது. நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் விடாமல் கேட்க வேண்டியது இதை.

இனி பெட்ரோல். கார்தான் பெட்ரோலைக் குடிக்கிறது என்று நினைக்கிறோம். 2013ல் பெட்ரோலியத் துறைக்காக நாடு முழுக்க பங்க்குகளில் எடுத்த ஆய்வில், விற்ற பெட்ரோலில் 61 சதவீதம் இருசக்கர வண்டிகளுக்குப் போனது தெரிந்தது. அதனால் மின்சார ஸ்கூட்டரைச் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது. கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் ஸ்கூட்டர் 100 கி.மீ. போக 2 லிட்டர், அதாவது 18 யூனிட். அதில் முக்கால்வாசி எஞ்சின் சூடாகவும் சைலன்சர் புகையாகவும் போய்விடுகிறது. அதே 100 கி.மீ.க்கு மின்சார ஸ்கூட்டர் பிளக்கில் இழுப்பது மூன்று, மூன்றரை யூனிட். 'அந்த மின்சாரமும் நிலக்கரிதானே' என்பார்கள். ஆமாம். அனல் நிலையத்தில் வீணாகும் வெப்பத்தையும் கம்பியில் போகும் இழப்பையும் சேர்த்தாலும் 11, 12 யூனிட்டில் முடிந்துவிடும். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான். எரிவதும் பெரும்பாலும் உள்நாட்டு நிலக்கரி. உங்களைப் போல மாடியில் சோலார் இருந்தால் அதுவும் இல்லை.

பேட்டரி செல்கள் சீனாவிலிருந்து வருகின்றனவே, ஒரு சார்பை விட்டு இன்னொரு சார்பில் விழுகிறோமே என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் லட்சக்கணக்கில் ஸ்கூட்டர் செய்கிறோம். உள்ளே இருக்கும் செல்லில் பெரும்பகுதி இறக்குமதிதான். ஆனால் இரண்டு சார்பும் ஒன்றல்ல. எண்ணெய் வருவது நின்றால் வண்டி அடுத்த வாரம் நிற்கும். செல் வருவது நின்றால் புது வண்டி விற்பனை நிற்கும். ஓடுகிற வண்டி பல வருஷம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று தினம் எரிவது, இன்னொன்று ஒரு தடவை வாங்கி வைப்பது. பழைய செல்லிலிருந்து லித்தியத்தையும் கோபால்ட்டையும் மீட்கலாம், எரிந்த பெட்ரோலை மீட்க முடியாது. செல் உற்பத்தியை இங்கே கொண்டுவருவது அவசரமான வேலை, மறுக்கவில்லை. அது வரும்வரை பெட்ரோலை எரித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பேருந்தைச் சொல்லாமல் விடக் கூடாது. 2022ல் ஐந்து பெருநகரங்களுக்குச் சேர்த்து 5,450 மின்சாரப் பேருந்துகளுக்கு ஒரே டெண்டர் விட்டார்கள். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கேட்காமல் மொத்தமாகக் கேட்டதால், கி.மீ.க்கு ஆகும் செலவு டீசல் பேருந்தைவிட 27 சதவீதம் குறைவாக வந்தது. இந்த வித்தையை ஏற்கெனவே பல்பில் பார்த்தோம். 2014ல் அரசு 310 ரூபாய்க்கு வாங்கிய எல்.இ.டி. பல்பு, கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்க ஆரம்பித்ததும் இரண்டு வருஷத்தில் 38 ரூபாய்க்கு இறங்கியது. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. தமிழ்நாட்டில் 20,000 அளவில் அரசுப் பேருந்துகள் ஓடுகின்றன என்பதை வைத்துப் பார்த்தால் இது ஆரம்பம் மட்டுமே. ஆனால் சரியான திசை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் பெட்ரோல் மட்டும் தனியாக வராது. ஒரே பீப்பாயிலிருந்து கேஸ், நாப்தா, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், ஃபர்னஸ் ஆயில், தார் எல்லாம் ஒரு விகிதத்தில் வரும். அந்த விகிதத்தை ஓரளவுதான் மாற்ற முடியும். பெட்ரோலை மட்டும் குறைத்துவிட்டு டீசல் தேவையை ஏறவிட்டால் சுத்திகரிப்பு ஆலை அதே அளவு கச்சா எண்ணெயைத்தான் வாங்கும், மிஞ்சிய பெட்ரோலை ஏற்றுமதி செய்யும். அந்நியச் செலாவணிக் கணக்கில் லாபம் உண்டு. ஆனால் கப்பல் வருவது குறையாது. நாட்டில் அதிகம் எரிவது டீசல் என்பதால், டீசல் அசையாமல் இறக்குமதி அசையாது. நான் லாரியையும் ரயிலையும் முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனால் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் எண்ணெய்ச் சார்பு என்றாலே அரசு முதலில் காட்டுவது அதைத்தான். 2013-14ல் பெட்ரோலில் 1.5 சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு, 2025ல் 20 சதவீதத்தைத் தொட்டது. சொன்னதைச் செய்த வேகம் பெரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு. பழைய கலவைக்கென்று செய்த கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் வரை குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. கரும்புச் சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு பயந்து மக்காச்சோளத்துக்குத் திரும்பினார்கள். அதன் விலை ஏறி, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனத்துக்குத் திண்டாடினார்கள். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு அதை வெளியிலிருந்து வாங்க ஆரம்பித்தது. ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் எடுப்பது நல்லது. நிலத்தையும் தண்ணீரையும் இதற்கென்றே ஒதுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்தது சமையல் கேஸ். நாம் எரிக்கும் எல்.பி.ஜி.யில் 60 சதவீதம் அளவுக்கு இறக்குமதி. அதில் பெரும்பகுதி ஹோர்முஸ் நீரிணை வழியாக வரவேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமார் 180 யூனிட் வெப்பம் இருக்கிறது. சாதாரண அடுப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகும். மீதி சமையலறையைச் சூடாக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்குப் போவதால், அதே சமையலை சுமார் 140 யூனிட்டில் முடித்துவிடலாம். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. தோசைக்கல்லும் இட்லிக்குண்டானும் பல வீடுகளில் இண்டக்‌ஷனுக்கு ஒத்துவராது. வெந்நீர், பால், சோறு, பருப்பு இந்த நான்கையும் மாற்றினாலே சிலிண்டர் வருவது நன்றாகத் தள்ளிப்போகும். தமிழ்நாட்டில் ஒரே சிக்கல்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி பில் குதிக்கும்.

மின்சாரச் சிக்கனத்துக்கும் எண்ணெய்க்கும் தொடர்பு உண்டாவது இங்கேதான். 75 வாட் பழைய ஃபேன் மூன்றை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றி, ஏ.சி.யை 26ல் வைத்தால் மிச்சமாகும் யூனிட்டில் அடுப்பும் ஸ்கூட்டரும் ஓடும். 500ஐயும் தாண்ட மாட்டீர்கள். நாட்டுக்கும் இதே கணக்குதான். சிக்கனத்தால் இடம் உண்டாகும். அந்த இடத்தில் எண்ணெய் செய்த வேலையைக் கொண்டுவந்து வைத்தால்தான் எண்ணெய் குறையும். 2012ல் இந்த இடம் இல்லாமல் போனபோது என்ன ஆனது என்று கோவை, திருப்பூர் தொழில்காரர்களைக் கேளுங்கள். சில நாட்களில் 12 மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. பின்னலாடைக் கம்பெனி முதல் ஜெராக்ஸ் கடை வரை வாசலில் ஜெனரேட்டர். மின்சாரம் போதவில்லை என்றால் நாடு டீசலுக்குத் திரும்பும், வேறு வழி இல்லை.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீசலுக்கு மானியம் கொடுத்து மலிவாக வைத்திருந்த 2012-13ல் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் கார். 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை எடுத்து விலை நெருங்கியதும் சில வருஷத்தில் அது ஐந்தில் ஒன்றுக்குக் கீழே போனது. விலை பேசினால் ஜனங்கள் கேட்கிறார்கள். இதில் அரசுக்கும் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. பெட்ரோல், டீசல் வரி மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பெரிய வருமானம். எண்ணெய் குறைந்தால் அந்த வரியும் குறையும். இதற்கு மாற்று வருமானத்தை இப்போதே யோசிக்காத அரசு, எண்ணெயைக் குறைப்பதில் மனப்பூர்வமாக இறங்காது.

இனி உங்கள் வீட்டுக்கு. சோலார் போட்டிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. இப்போது அதிலிருந்து பெட்ரோல் டேங்குக்கும் கேஸ் அடுப்புக்கும் ஒரு வயர் இழுக்க வேண்டும். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் கொடுக்கும். தினம் 40 கி.மீ. ஓடுகிற ஸ்கூட்டருக்கு ஒன்றரை யூனிட் போதும். இருக்கும் பெட்ரோல் வண்டி நன்றாக ஓடுகிறது என்றால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். அடுத்து வாங்குவது மின்சாரமாக இருக்கட்டும். அதுவரை வாரம் ஒரு தடவை டயரில் காத்து பாருங்கள், வேகத்தை 50, 55 கி.மீ.க்கு மேல் முறுக்காதீர்கள். வீட்டில் அதிகம் ஓடும் வண்டி எதுவோ அதை முதலில் மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காரை மாற்றிப் பயனில்லை. வண்டி பகலில் வீட்டில் நிற்கும் என்றால் காலை பத்து மணிக்கு மேல் சார்ஜ் போடுங்கள். வேலைக்கு எடுத்துப் போவதாக இருந்தால் அலுவலகத்தில் ஒரு 15 ஆம்ப் பிளக் கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து மணி வரை மட்டும் வேண்டாம், கிரிட் மூச்சுத் திணறும் நேரம் அது. சமையலில் காலை வெந்நீரும் மதியச் சோறும் இண்டக்‌ஷனுக்குப் போகட்டும். ஆறு மாதம் கழித்து கேஸ் புத்தகத்தை எடுத்து சிலிண்டர் வாங்கிய தேதிகளைப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு இடைப்பட்ட நாட்கள் கூடியிருந்தால், அதுதான் நீங்கள் குறைத்த இறக்குமதி.